லேண்ட்மாஸ்டர் பெட்டியில் களப்பு வரை



பெருநாள் முடிந்து நாலாம் நாள் விடிய, எங்களை லேண்ட்மாஸ்டரோடு குளக்கட்டுப் பக்கம் கண்டவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அன்றைக்கு முதலில் கேட்ட கேள்வி, "என்ன சேர், வீடு மாறுறீங்களா?" என்பது. கேட்டதில் பிழையில்லை. பெட்டிக்குள் பாய், தலையணை, சின்னக் கேஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன், அரிசிச் சாக்கு, ஒரு பிளாஸ்டிக் கதிரை, மேலே நீலத் தறப்பாள். குருவி பார்க்கப் போகிறோம் என்றதும் சிரித்தார்கள். ஒரு நல்ல மனுஷர், பெயர் சொல்ல மாட்டோம், "டொக்டரிட்ட காட்டினீங்களா?" என்றும் கேட்டார். ஆளுக்காள் பதில் சொல்லிக் களைத்துவிட்டோம். ஆகவே மொத்தமாக எழுதுகிறோம். பதிவு நீளம். நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள்.

நாங்கள் என்பது நாங்கள் இரண்டு பேர். ஒருவர் பேராற்றில் பிறந்து வளர்ந்து, பாடசாலையில் படிப்பிக்கிறவர். மற்றவர் முல்லைத்தீவு தண்ணீரூற்றில் பிறந்து, 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது பத்து வயதில் டிரக்டர் பெட்டியில் வவுனியா வந்து, புத்தளத்தில் முகாமில் வளர்ந்து, கலியாணம் முடித்துக் கந்தளாய்க்கு வந்தவர். வசதிக்காக இந்தப் பதிவில் பேராற்றுக்காரர், தண்ணீரூற்றுக்காரர் என்று வைத்துக்கொள்கிறோம். எழுதுவது முன்னவர். பக்கத்தில் இருந்து திருத்துவது பின்னவர்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு பழைய வழக்கு. சின்ன வயதில் வாப்பாவோடு கருவாடு வாங்கக் கொக்கிளாய்க்குப் போனபோது, களப்பு நெடுக ரோஸ் நிறத்தில் பறவைகள் வரிசையாக நின்றதைப் பார்த்ததாகத் தண்ணீரூற்றுக்காரர் சொல்வார். கலியாணம் முடித்த வருஷத்திலிருந்து சொல்கிறார். பேராற்றுக்காரர் நம்பவில்லை. "நாரையைக் கண்டிருப்பீங்க" என்பார். இருபத்துமூன்று வருஷம் இந்தக் கதை போனது. கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்திருந்த காலத்தில்தான் வளவில் வரும் குருவிகளை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கத் தொடங்கினோம். மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் வேலியோரம் இருந்து இரண்டு தரம் விசிலடிக்கும் ஒன்றைப் பல நாள் தேடி, கடைசியில் கண்டோம். அதுதான் ஆறுமணிக்குருவி. மாரி காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து, கோடையில் திரும்பிப் போகிறது. எங்கள் வேலிக்கு வெளிநாட்டு விருந்தாளி வந்து போவது நாற்பது வயது வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. பிறகு கட்டாரில் இருக்கும் மகன் ஒரு பைனாக்குலர் அனுப்பினார். அதோடு வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிட்டது.

வேன் பிடித்தால் நோன்புச் செலவு, பெருநாள் செலவோடு தாங்காது. மோட்டார் சைக்கிளில் முதுகு தாங்காது. பெரும்போக அறுவடை முடிந்து மச்சானின் லேண்ட்மாஸ்டர் சும்மா நின்றது. டீசல் எங்கள் பொறுப்பு, உடைந்தால் அதுவும் எங்கள் பொறுப்பு என்று பேசித் தந்தார். கந்தளாயிலிருந்து திருகோணமலை நாற்பது கிலோமீற்றர், அங்கிருந்து புல்மோட்டை ஏறக்குறைய ஐம்பத்தைந்து. நூறு கூட வராது. ஆனால் லேண்ட்மாஸ்டர் போகிற போக்கில் அது இரண்டு நாள் பாதை. குருவி பார்க்க அதைவிட நல்ல வேகம் இல்லை என்பதைப் போன பிறகுதான் கண்டுகொண்டோம். சத்தம் பெரிதுதான். இருந்தாலும் வயலில் நிற்கும் கொக்குகள் பிறந்ததிலிருந்து அந்தச் சத்தம் கேட்டவை. எழும்பாது.

முதலில் எங்கள் குளம். அதைச் சொல்லாமல் போக முடியாது. இரண்டாம் அக்போ கட்டியது, ஏழாம் நூற்றாண்டு என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். 1986 ஏப்ரல் 20 விடியற்காலை கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மௌத்தானது இந்தப் பதிவை வாசிக்கும் பல வீடுகளின் கதை. பேராற்றுக்காரருக்கு அப்போது எட்டு வயது. இருட்டில் யாரோ தூக்கி டிரக்டர் பெட்டிக்குள் போட்டதும், மேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மட்டும் ஞாபகம். அதற்குப் பிறகு அவருக்குக் குளம் என்றால் தண்ணீரின் அளவுதான். எவ்வளவு நிற்கிறது, போகம் செய்யக் காணுமா, கட்டு பத்திரமா. அந்தத் தண்ணீரில் என்ன நிற்கிறது என்று பார்த்ததே இல்லை. அன்றைக்கு ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தோம். கூழைக்கடா பதினொன்று. பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நீர்க்காகங்கள். சேற்றோரம் நத்தைகுத்தி நாரைகள். சொண்டு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், நத்தையைப் பிடித்து உள்ளிருப்பதை எடுக்கத் தோதாக. தண்ணீருக்கு மேலே சாம்பல் நிற ஆலாக்கள். நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் பைனாக்குலரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர மறந்துபோனார்கள். அதுவே எங்கள் முதல் வெற்றி.

முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம் பக்கம் அறுத்த வயல். மாட்டுக்கொக்கும் மடையானும் சொல்லத் தேவையில்லை. ஆட்காட்டி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாராவது கிட்டப் போனால் கத்திக் காட்டிக்கொடுக்கும், அதனால் அந்தப் பெயர். யுத்த காலத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்தது உங்களுக்குத் தெரியும். தண்ணீரூற்றுக்காரர் பைனாக்குலரில் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: ஊரைவிட்டு வந்த இரவில், காட்டுப் பாதையில் பெட்டி நின்ற இடத்தில் இது கத்திக்கொண்டே இருந்ததாம். பெரியவர்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்களாம். குருவியின் வாயைப் பொத்த யாராலும் முடியவில்லை. "இவ்வளவு வடிவான கண் இதுக்கு இருக்கெண்டு இண்டைக்குத்தான் பார்க்கிறன்" என்றார். உண்மைதான். கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதை, அதற்குப் பின்னால் அந்தப் பார்வை.

யோசித்துப் பார்த்தால், நாங்கள் இரண்டு பேரும் வாழ்க்கையில் டிரக்டர் பெட்டியில் ஏறியதெல்லாம் ஏதாவது ஒரு ஆபத்துக்கு. 86இல் குளம். 90இல் ஊர். 2005 ஜனவரியில் பேராற்றுக்காரர் ஊர்ப் பொடியன்களோடு, சுனாமி அடித்த நிலாவெளிக்கு அரிசியும் உடுப்பும் கொண்டு போன பெட்டி. எந்தத் தேவையும் இல்லாமல், சும்மா பார்ப்பதற்கு என்று ஏறியது இதுதான் முதல் தடவை. அதனால்தானோ என்னவோ, முதல் பத்துக் கிலோமீற்றரும் எதையோ மறந்துவிட்டு வந்தது போலவே இருந்தது.

சீனக்குடா வருமுன்னே பைனாக்குலரை அரிசிச் சாக்குக்குள் வைத்துவிட்டோம். விமானப்படை, கடற்படை எல்லாம் இருக்கிற இடம். 2019க்குப் பிறகு தாடியும் தொப்பியும் பைனாக்குலரும் ஒரே பெட்டியில் இருந்தால் விளக்கம் சொல்லிக் களைத்துப் போவோம் என்ற பயம். சிரிப்பாக எழுதுகிறோம், அன்றைக்குச் சிரிக்கவில்லை. நகரம் தாண்டி ஒரு இடத்தில் மறித்தார்கள். பெட்டியைப் பார்த்த இளம் சிப்பாய் சாக்குக்குள் கை விட்டார். பைனாக்குலர் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தொண்டை வறண்டுவிட்டது. பேராற்றுக்காரர் தெரிந்த சிங்களத்தில் குருல்லோ, குருல்லோ என்றார். அவர் அதைக் கண்ணில் வைத்து, பாதைக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் நின்ற ஒன்றைப் பார்த்து, "கொக்கா" என்றார். நாங்கள் "கொக்கு" என்றோம். மூன்று பேருக்கும் போதுமான உரையாடல். தன் ஊரில் குளத்தில் இது நிறைய என்று சொல்லிச் சாக்கைத் தானே கட்டித் தந்தார். எல்லா நேரமும் இப்படி முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

நிலாவெளிக்கு அஸருக்குப் பிறகு போய்ச் சேர்ந்தோம். பழைய மாணவர் ஒருவரின் வளவில் பெட்டியை நிறுத்தினோம். வீட்டுக்குள் படுக்கச் சொல்லி மன்றாடினார்கள். இல்லை, பெட்டியில்தான் படுப்போம் என்று நின்றோம். (கஸ்ர் தொழலாமா என்று சிலர் கேட்கலாம். லேண்ட்மாஸ்டரில் போனாலும் ஸபர் ஸபர்தான்.) மாலையில் கடற்கரையில் இருந்து புறாத்தீவைப் பார்த்தோம். ஒரு கிலோமீற்றர் அளவு தூரம்தான். படகுக் காசும் டிக்கெட் காசும் கேட்டபின் கரையே நல்ல இடம் என்று முடிவு செய்தோம். 2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம் அது. பவளப்பாறைக்கும் சுறாக் குட்டிக்கும்தான் ஆட்கள் போகிறார்கள். பெயர் என்னவோ புறாவுக்கு. அங்கே பாறை இடுக்கில் கூடு கட்டும் மலைப்புறா, உலகத்தில் எல்லா நகரத்திலும் எல்லாப் பள்ளிவாசல் முற்றத்திலும் தானியம் பொறுக்கும் புறாக்களின் மூதாதை இனம். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் தீவைத் துப்பாக்கி சுட்டுப் பழகப் பாவித்தார்களாம். சுட்டவன் போய்விட்டான், புறா இருக்கிறது.

சுபஹுக்குப் பிறகு கடல்நீர் ஏறும் உப்புத் தரவைகளின் ஓரம் போனோம். இந்தப் பயணத்தில் காலையென்றால் அந்தக் காலைதான். சிவந்த நீளக் கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள், தண்ணீரில் தங்கள் காலைத் தாங்களே பார்த்துக்கொண்டு நடப்பது போல. சின்ன உப்புக்கொத்திகள் ஓடி நின்று, ஓடி நின்று. எது எது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மெர்லின் என்று ஒரு செயலி, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம் செய்தது, இலவசம். படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும். பெயர் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்ப் பெயர் தெரிந்தவற்றுக்கு எழுதியிருக்கிறோம், தெரியாதவற்றுக்கு நாங்களே வைத்த பெயர்களை இங்கே எழுத வெட்கம்.

குச்சவெளி தாண்டிப் பெட்டியின் இடப்பக்க டயர் காற்றுப் போனது. நண்பகல், நிழலுக்கு நாலு பனை. பேராற்றுக்காரர் டியூப்பைக் கழற்றி, வந்த மோட்டார் சைக்கிள்காரரோடு ஒட்டு வாங்கப் போனார். தண்ணீரூற்றுக்காரர் பனைக்கடியில் கதிரையைப் போட்டு இருந்தார். திரும்பி வந்தபோது கையால் சைகை, பேசாதீங்க என்று. பத்து முழத்தில், வெயிலில் காய்ந்த புல்லில், மண் நிறத்தில் ஒரு பறவை. சிறகில் கறுப்பு வெள்ளைக் கோடு. நீண்ட வளைந்த சொண்டால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. திடீரென்று தலையில் விசிறி விரிந்தது போலக் கொண்டை எழும்பியது. மெர்லின் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஹுத்ஹுத். ஸுலைமான் நபிக்கு ஸபா நாட்டின் செய்தி கொண்டு வந்த பறவை. தமிழில் கொண்டலாத்தி.

இங்கே ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்களில் ஒருவர் இருபது வருஷமாக வகுப்பில் அந்தக் கதையைச் சொல்லி வருகிறார். ஹுத்ஹுத் என்றால் மரங்கொத்தி என்று, கரும்பலகையில் மரமும் கீறிக் காட்டியிருக்கிறார். அது மரத்தைக் கொத்துவதில்லை, மண்ணைத்தான் கிளறுகிறது. எங்கள் மாவட்டத்திலேயே வருஷம் முழுக்க வாழ்கிறது. ஒரு நாளும் பாராமல் படிப்பித்திருக்கிறோம். பழைய மாணவர்கள் திருத்திக்கொள்ளவும்.

அதோடு இன்னொன்று. நபியவர்கள் கொல்ல வேண்டாம் என்று தடுத்ததாக ஹதீஸில் வரும் நான்கு உயிர்களில் ஹுத்ஹுத் ஒன்று. எறும்பு, தேனீ, ஸுரத் மற்றவை. ஸுரத் என்பதைக் கீச்சான் என்று விளக்குவோர் உண்டு. கீச்சான் மாரி காலத்தில் நம் வளவு வேலிகளில் வந்து குந்தும் குருவி. பேராற்றுக்காரர் பன்னிரண்டு வயதில் கவண்ணால் எத்தனை கீச்சானை விழுத்தினார் என்று கணக்கு வைக்கவில்லை. தின்பதற்கும் அல்ல, குறி பார்ப்பதற்கு. இப்போதும் நம் குளத்தோரம் இரவில் வலை கட்டித் தாரா பிடித்து விற்பவர்களை எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர்களுக்கு உபதேசம் செய்யும் தகுதி அந்தக் கவண்காரருக்கு இல்லை. ஆனால் வாங்காமல் இருக்கும் தகுதி எல்லோருக்கும் இருக்கிறது.

டயர் ஒட்டிப் புல்மோட்டை போக இருட்டிவிட்டது. சாச்சி வீட்டில் சாப்பாடு, தூக்கம். இல்மனைட் இருக்கிற கறுத்த மணல் கால் விரலுக்குள் எல்லாம்.

மூன்றாம் நாள் விடியத் தென்னமரவாடிப் பக்கம் களப்புக்குப் போனோம். கொக்கிளாய்க் களப்பு 1951இலிருந்து பறவைகளுக்கான சரணாலயம். தென்கரை திருகோணமலை மாவட்டம், அக்கரை முல்லைத்தீவு. தண்ணீரூற்றுக்காரர் பெட்டியிலிருந்து இறங்காமலே முதலில் அக்கரையைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். ரோஸ் நிறத்தில் ஒன்றும் இல்லை.

மற்றவை இருந்தன, அல்ஹம்துலில்லாஹ். சங்குவளை நாரைகள், ஆலாக்கள், கடற்காகங்கள், வளைந்த சொண்டுள்ள பெரிய உள்ளான்கள். பசிபிக் பொன் உப்புக்கொத்தி என்று ஒன்று, முதுகில் தங்கத்தூள் தெளித்தது போல. சிலவற்றின் நெஞ்சு கறுக்கத் தொடங்கியிருந்தது. ஊருக்குப் போகும் உடுப்பு அது. சைபீரியாவின் பனிவெளியில் முட்டையிடப் போகுமுன் நிறம் மாற்றிக்கொள்கின்றன. எல்லாம் விடாமல் தின்றுகொண்டிருந்தன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களைப் பிடித்துச் சிறு கருவி பூட்டிவிட, அவை ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை போய்ச் சேர்ந்ததைப் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். போகவும் வரவும் ஒருவரிடமும் கடிதம் கேட்பதில்லை.

வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். "இதிலயோ வந்தனீங்கள்?" என்று சிரித்துவிட்டு, "எங்கயிருந்து வாறியள்?" என்றார். பேராற்றுக்காரர், கந்தளாய் என்றார். "தங்கச்சியும் அங்கயோ?"

இருபத்துமூன்று வருஷமாக இந்தக் கேள்விக்குக் கந்தளாய் என்றோ, வற்புறுத்திக் கேட்டால் புத்தளம் என்றோதான் தண்ணீரூற்றுக்காரரிடமிருந்து பதில் வரும். அன்றைக்கு, "எனக்குத் தண்ணீரூற்று" என்றார்.

"தண்ணீரூற்றோ? ஊற்றங்கரைப் பிள்ளையாருக்குக் கிட்டவோ?"

"அதுக்கு இங்கால. பள்ளிவாசல் பக்கம்."

அவர் வலையைக் கீழே வைத்துவிட்டார். "நீங்கள் 90 என்ன? நாங்கள் 84 மார்கழி. இந்தக் கரையில ஒரு வீடும் மிஞ்சேல்ல. கன காலம் முல்லைத்தீவுப் பக்கம்தான் இருந்தது. சண்டை முடிஞ்ச பிறகு வந்து, காடு வெட்டித்தான் காணியக் கண்டுபிடிச்சது." பிறகு இரண்டு பேரும் முல்லைத்தீவு ஒழுங்கைகளையும் கடைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். பேராற்றுக்காரர் தேத்தண்ணீர் ஊற்றும் வேலையை ஏற்றுக்கொண்டார். வேறு வேலை அங்கே அவருக்கு இருக்கவில்லை.

கடைசியில் வழக்கும் தீர்ந்தது. தண்ணீரூற்றுக்காரர்தான் கேட்டார், ரோஸ் பறவை வருமா என்று. "பூநாரையோ? ஏன் வராது? சொண்டு வளைஞ்சு, சிவத்தக் காலோட. தண்ணி வத்தி முழங்காலுக்கு வந்தால்தான் அது நிக்கும். இந்தமுறை தண்ணி கூட." பேராற்றுக்காரர் தோல்வியை அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார். இதை எழுதச் சொல்லிப் பக்கத்தில் இருந்து உத்தரவு.

அங்கிருந்து தண்ணீரூற்று நாற்பது கிலோமீற்றருக்கு மேல். டீசல் இருந்தது, நாளும் இருந்தது. போவமா என்று பேராற்றுக்காரர் கேட்டார். 2011இல் ஒரு தரம், காணி அலுவலாகத் தம்பியோடு போய்க் கிணற்றை மட்டும் கண்டுவிட்டு வந்தவர் அவர். அதற்குப் பிறகு போகவில்லை. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இதில வரமாட்டன். பெட்டியில ஏத்தித்தானே அனுப்பினாங்க. போறதெண்டா பஸ்ஸில டிக்கெட் எடுத்துப் போவன்."

திரும்பி வந்தோம். மொத்தம் 52 வகை, பூநாரை இல்லை. மச்சான் பெட்டியைக் கழுவித் தரச் சொன்னார், கழுவினோம். டயருக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. படங்கள் போனில் எடுத்தவை, தெளிவில்லை, பொறுத்துக்கொள்ளவும். தண்ணீர் வற்றிப் பூநாரை வந்து நின்றால் கோல் எடுப்பதாகப் பெரியவர் சொன்னார். அவருடைய இலக்கம் தண்ணீரூற்றுக்காரரின் போனில் இருக்கிறது. புல்மோட்டை பஸ் கந்தளாய்ச் சந்தியில் எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.